கூந்தலுக்கும் கொல்லாமை

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, மண்டைதீவுச் சந்தியைத் தாண்டினால் வருவது அல்லைப்பிட்டி. சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்த இத்தீவகத்தில் கிணற்று நீர் பல இடங்களில் உவரும் வன்மையும் உடையது. அந்நீரிற் சவர்க்காரம் இலகுவில் நுரைப்பதில்லை. நீரிலுள்ள கல்சியத்துடன் கூடி, வெண்படையாய் மயிரில் ஒட்டிக்கொள்ளும். சீயாக்காயிலும் இலுப்பை அரப்பிலும் உள்ள சபோனின் என்னும் பொருளோ வன்னீரிலும் அழுக்கை அகற்றும். நம் பாட்டிமார் இரசாயனம் படித்தவரல்லர். ஆயினும் நீருக்கேற்ற பொருளை அறிந்திருந்தனர்.

இதனாற் காசு மிஞ்சும்; பிற உயிருக்கும் துன்பமில்லை. 1944இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட திரேய்ஸ் சோதனையில், முயலின் கண்ணிற் பொருளை இட்டு, அதனால் உண்டாகும் புண்ணை அளந்தனர். அழகுப் பொருள்கள் பலவும் இவ்வாறு சோதிக்கப்பட்டன. விலங்குகளிற் சோதித்த அழகுப் பொருள்களின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் தடுத்தது. இந்தியா 2014இல் அச்சோதனையையே விலக்கியது. ஆயினும், கடையில் வாங்குவோர் ‘இயற்கை’ என்ற சொல்லை மட்டும் நம்பலாகாது. விலங்குகளிற் சோதிக்கப்படவில்லை என்ற குறிப்பையும் தேடுதல் வேண்டும்.

வீட்டு முறையோ எளிது. நல்லெண்ணெய் தேய்த்து ஊறியபின், சீயாக்காயை வெந்தயத்துடன் அவித்தரைத்து முழுகலாம். முகத்துக்குப் பயற்றம்மா போதும். எனினும் அவதானம் தேவை. அரப்புக் கண்ணிற் படலாகாது. கற்றாழை மடலில் வடியும் மஞ்சட்பாலைக் கழுவிய பின்னரே சோற்றைப் பூசவேண்டும். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலுடன் வெயிலிற் சென்றாற் கொப்புளம் உண்டாகும். புதியது எதனையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நன்று.

கொல்லாமையை ஏட்டிற் படிக்கும் நம் பிள்ளைகள் அதனை முழுக்கு நாளிலும் கைக்கொள்ளட்டும்.