புள்ளி மறைஞ்சா நோய் போச்சா? கடல் மீன் தொட்டிக்கு வைத்தியம்

இந்த எபிசோடுக்குக் காரணம் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு நண்பர் அனுப்பின வாய்ஸ் நோட். அவர் வீட்ல ஒரு கடல்நீர்த் தொட்டி, அதுல ரெண்டு கிளவுன் மீன். ஒரு மீன் மேல உப்புத்தூள் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி வந்திருக்கு. நாலு நாள்ல தானா மறைஞ்சிடுச்சு. "சரியாயிடுச்சுன்னு விட்டுட்டேன். இப்ப ரெண்டு மேலயும் நிறைய வந்திருக்கு, வேகமா மூச்சு வாங்குது. கடையில நன்னீர் மீனுக்கான மருந்துதான் இருக்கு, ஊத்தலாமா?"

வேண்டாம். ஏன்னு சொல்றேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கடலூர்க் கடற்கரைக்கு சுமார் 100 கிலோமீட்டர். பக்கத்துல கல்வராயன் மலை, அருவி, கோமுகி அணைன்னு இருக்கறது எல்லாம் நன்னீர். அதனால அங்கே மீன் வளர்க்கறவங்க அனுபவமும் கடைக்காரர் அனுபவமும் நன்னீர் மீனைப் பத்தினதுதான். நன்னீர் மீனுக்கும் வெள்ளைப் புள்ளி நோய் வரும். அதுக்குத் தொட்டியில உப்பு போடுவாங்க, கேக்கும். கடல் மீனுக்கு வர்றது பார்க்க அதே மாதிரி இருந்தாலும் வேற ஒட்டுண்ணி. பேரு கிரிப்டோகாரியான். இது உப்புத் தண்ணியிலயே பொறந்து வளர்ற ஆள், இதுகிட்ட உப்பைக் காட்டி பயமுறுத்த முடியாது.

நண்பர் ஏமாந்த இடம் அந்த "மறைஞ்சிடுச்சு". இந்த ஒட்டுண்ணி மீனோட தோலுக்கு அடியில 3 முதல் 7 நாள் தின்னுட்டு, தானாவே கழண்டு கீழே விழும். மணல்லயும் கல்லுலயும் ஒட்டிக்கிட்டு சுத்தி ஒரு ஓடு கட்டிக்கும். உள்ளேயே பிரிஞ்சு பிரிஞ்சு ஒண்ணு நூத்துக்கணக்காகும். ஓடு உடைஞ்சு வெளிய வர்ற குஞ்சுங்க ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள ஒரு மீனைப் பிடிச்சாகணும், இல்லன்னா செத்துடும். தோலுக்கு அடியில இருக்கும்போதும் ஓட்டுக்குள்ள இருக்கும்போதும் மருந்து அதைத் தொடாது. நீந்தி வர்ற அந்தக் கொஞ்ச நேரம்தான் நமக்குக் கிடைக்கற வாய்ப்பு. அதாவது, புள்ளி இல்லாத அந்த நாட்கள்ல நோய் தொட்டியோட தரையில பெருகிக்கிட்டு இருந்திருக்கு.

மருந்துக்கு முன்னாடி அம்மோனியா டெஸ்ட் பண்ணுங்க. தண்ணி கெட்டிருந்தாலும் மீன் மூச்சு வாங்கும். அப்புறம் உப்பளவு. நம்ம ஊர் வெயில்ல தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைஞ்ச தண்ணிக்கு ஆர்ஓ நன்னீர்தான் ஊத்தணும், போர் தண்ணி கூடாது.

அடுத்து, இது வெள்ளைப் புள்ளிதானான்னு பாருங்க. எண்ணக்கூடிய அளவுக்குத் தனித்தனியா உப்புக்கல் மாதிரி இருந்தா அதுதான். டார்ச் அடிச்சா பவுடர் பூசின மாதிரி மின்னி, மீன் வெளிச்சத்தைத் தவிர்த்து, பம்ப்போட நீரோட்டத்துக்கு எதிர்ல போய் நின்னா வெல்வெட் நோயா இருக்கலாம். அது ரெண்டு மூணு நாள்ல கொன்னுடும், காத்திருக்க நேரமில்ல. சளி மாதிரி வழவழன்னு தோல் உரிஞ்சா புரூக்ளினெல்லா. கடல்ல பிடிச்ச கிளவுன் மீன்கள்ல அதிகம் பார்க்கறது. (நியூயார்க்கோட புரூக்ளின்தான், பேர் அங்கிருந்து வந்தது.) இதைப் பிரிச்சுப் பார்க்கறது முக்கியம். வெள்ளைப் புள்ளிக்கும் வெல்வெட்டுக்கும் செம்பு மருந்து வேலை செய்யும், புரூக்ளினெல்லாவுக்குச் செய்யாது. அதுக்கு ஃபார்மலின் குளியல். ஃபார்மலின் நமக்கும் நச்சு, தண்ணியில ஆக்சிஜனையும் குறைக்கும். தெரிஞ்சவங்க பக்கத்துல இல்லாம தொடாதீங்க.

நண்பர் கதையில புள்ளி வந்து, போய், பெருசா திரும்பி வந்திருக்கு. அதனால என் கணிப்பு வெள்ளைப் புள்ளி.

இப்ப வைத்தியம். ரெண்டு மீனையும் வேற டப்பாவுக்கு மாத்தணும். 40 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி போதும். மணல், கல் வேண்டாம், ரெண்டும் செம்பை உறிஞ்சிடும். ஒளிஞ்சுக்க ஒரு பிவிசி குழாய்த் துண்டு, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப். மின்சாரம் போனா சமாளிக்க பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு. கடல்நீர்ல நன்னீரைவிட ஆக்சிஜன் குறைவாதான் கரையும், செவுள் கெட்ட மீன் அதைத் தாங்காது.

அதுல செம்பு. அயனிச் செம்புன்னா லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், 3 முதல் 6 வாரம். ரெண்டு நாள்ல மெதுவா ஏத்துங்க, தினமும் டெஸ்ட் கிட்ல பாருங்க. குறைஞ்சா ஒட்டுண்ணி பிழைக்கும், கூடினா மீன் போகும். கீலேட்டட் வகை செம்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதோட லேபிள் சொல்ற அளவுதான். செம்பு இருக்கும்போது அம்மோனியா நீக்கி ஊத்தாதீங்க, சில வகைகள் சேர்ந்தா செம்பு விஷமாயிடும். அம்மோனியா ஏறினா தண்ணி மாத்துங்க, மாத்தின தண்ணிக்கும் அதே அளவு செம்பு சேருங்க.

செம்பு கிடைக்கலன்னா இன்னொரு வழி: உப்பை ஆயிரத்துக்கு 15 பங்குக்கு மெதுவா இறக்கி குறைஞ்சது 3 வாரம் வைக்கறது. நன்னீர்ல உப்பைக் கூட்டுவோம், இங்கே குறைக்கறோம். பெரும்பாலும் பலிக்கும், ஆனா சில வகை ஒட்டுண்ணி இதையும் தாங்கிடுதுன்னு பதிவாகியிருக்கு. வெல்வெட்டுக்கு இது உதவாது.

பெரிய தொட்டியில செம்பு ஊத்தவே கூடாது. இறால், நத்தை, அனிமோன் எல்லாம் செத்துடும். அதை மீனில்லாம காலியா விடுங்க. ஓட்டுக்குள்ள இருந்து குஞ்சு வெளிவர ஆய்வுக்கூடத்துல 72 நாள் வரைக்கும் ஆகியிருக்கு. அதனாலதான் வளர்க்கறவங்க 76 நாள்னு கணக்கு வெச்சுக்கறாங்க. ரொம்ப நாள்தான். ஃபில்டரும் பம்ப்பும் ஓடட்டும், இறாலுக்கு மட்டும் கொஞ்சம் தீனி.

அடுத்த மீன் வாங்கும்போது மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் செய்யற மாதிரி பண்ணையில பொரிச்ச கிளவுன் குஞ்சா கேளுங்க. வலையில பிடிபட்டு அடிபட்டு வர்ற மீனைவிடத் தெம்பா இருக்கும், பெல்லட் தீனியும் பழகியிருக்கும். கூடவே "நம்ம கடல் பவளக்கல், தர்றேன்"னு யாராவது சொன்னா வாங்காதீங்க. பவளமும் கடல்குதிரையும் 2001லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல சேர்ந்தாச்சு.

கடைசியா ஒண்ணு, நண்பரே. ரெண்டு தொட்டிக்கும் ஒரே வலையை எடுக்காதீங்க. ஈர வலையில, ஈரக் கையில ஒட்டி ஒரு சொட்டு போனாலும் 76 நாள் முதல்லேர்ந்து எண்ணணும்.