வண்டி கைமாறியது; கடிதம் கைமாறவில்லை!
பழைய 'பிக்-அப்' வாங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

மாடு வாங்கப் போகிறவர் என்ன செய்வார்? பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நாலு அடி நடக்கவிட்டுப் பார்ப்பார். விவரம் தெரிந்த ஒரு பெரியவரையும் கூட அழைத்துப் போவார்.

பழைய வண்டி வாங்கப் போகிறவரும் இப்படித்தான். டயரைத் தட்டிப் பார்க்கிறார். என்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறார். புகை கறுப்பா, வெள்ளையா என்று பார்க்கிறார். தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் அழைத்துப் போகிறார்.

இதெல்லாம் சரிதான். ஆனால், ஒரு கேள்வியை மட்டும் பலர் கேட்பதில்லை.

"இந்த வண்டியைக் கம்பெனி திரும்பக் கூப்பிட்டதா?"

இது என்ன கேள்வி! விற்ற வண்டியைக் கம்பெனி ஏன் திரும்பக் கூப்பிட வேண்டும்?

கூப்பிடுகிறது. அப்படிக் கூப்பிட்டது தெரியாமல் வண்டியை ஓட்டினால், உயிருக்கே ஆபத்து வரலாம்.

குட்டி யானை

பெரம்பலூர் நகரில் ரயில் நிலையம் கிடையாது. அங்கே எது வந்தாலும் சாலை வழியாகத்தான் வர வேண்டும். எது போனாலும் சாலை வழியாகத்தான் போக வேண்டும். செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயம், வேப்பந்தட்டைப் பருத்தி, குன்னம் மக்காச்சோளம் எல்லாம் வண்டி ஏறித்தான் சந்தைக்குப் போகின்றன.

அரியலூரில் ரயில் உண்டு. ஆனால், ஆண்டிமடத்து முந்திரிக் கொல்லைக்குள் ரயில் வராது. செந்துறையிலும் செயங்கொண்டத்திலும் வீடு கட்டுகிறவர்களுக்குச் சிமெண்டு மூட்டையை வாசலில் இறக்குவதும் சிறிய வண்டிதான்.

2005-ம் ஆண்டில் டாட்டா கம்பெனி 'ஏஸ்' என்ற சிறிய சரக்கு வண்டியைக் கொண்டு வந்தது. சுமார் முக்கால் டன் ஏற்றலாம். மக்கள் அதற்குக் "குட்டி யானை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். மகிந்திராவின் 'பொலிரோ பிக்-அப்', அசோக் லேலண்டின் 'தோஸ்த்', மாருதியின் 'சூப்பர் கேரி' என்று இன்று பல வண்டிகள் ஓடுகின்றன.

புது வண்டிக்குப் பல லட்சம் வேண்டும். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? ஆகவே, வீட்டு நகையை அடகு வைத்துப் பழைய வண்டி வாங்குகிறார்கள். அந்த வண்டிதான் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. வண்டி படுத்தால் குடும்பமும் படுத்துவிடும்.

இரண்டு வகைக் கோளாறு

வண்டியில் வரும் கோளாறு இரண்டு வகை. ஒன்று, தேய்மானம். மற்றொன்று, பிறவிக் கோளாறு.

கிளட்ச் தேய்கிறது. பிரேக் கட்டை தேய்கிறது. அளவுக்கு மீறி மூட்டை ஏற்றினால் பட்டை உடைகிறது. இவை ஓட்டுவதால் வருகிறவை. இந்தச் செலவு சொந்தக்காரரைச் சேர்ந்தது.

பிறவிக் கோளாறு அப்படி அல்ல. தொழிற்சாலையில் செய்யும்போதே ஏற்பட்ட தவறு அது. ஒரு குழாயைச் சரியாகப் பொருத்தாமல் விட்டிருப்பார்கள். அல்லது வெளியில் இருந்து வாங்கிய ஒரு பாகம் மட்டமாக இருந்திருக்கும். அந்தத் தவறு ஒரு வண்டியோடு நிற்காது. அந்தச் சமயத்தில் செய்த ஆயிரக்கணக்கான வண்டிகளில் இருக்கும்.

இதைக் கம்பெனி கண்டுபிடித்தால், அந்த வண்டிகளைத் திரும்பக் கூப்பிட வேண்டும். சோதித்துப் பார்த்து, பழுதான பாகத்தை இனாமாக மாற்றித் தர வேண்டும். இதற்குத்தான் 'ரீகால்' என்று பெயர். தமிழில் 'திரும்ப அழைப்பு' எனலாம்.

29 ஆயிரத்து 878 வண்டிகள்!

2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மகிந்திரா கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2020 ஜனவரி முதல் 2021 பிப்ரவரி வரை செய்த பிக்-அப் வண்டிகளில் 29 ஆயிரத்து 878 வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அது கூறியது. திரவம் செல்லும் ஒரு குழாய் சரியாகப் பொருத்தப்படாமல் இருக்கலாம் என்பது சந்தேகம். சோதனையும் மாற்றமும் இலவசம் என்று கம்பெனி சொன்னது.

மாருதி கம்பெனியும் 2018-ல் தன்னுடைய 'சூப்பர் கேரி' சரக்கு வண்டிகளை இரண்டு முறை அழைத்தது. முதலில் 640 வண்டிகள். எரிபொருள் பம்பில் சந்தேகம். பிறகு 5 ஆயிரத்து 900 வண்டிகள். எரிபொருள் வடிகட்டியில் சந்தேகம்.

அந்த வருடங்களில் செய்த வண்டிகள்தான் இப்போது பழைய வண்டிச் சந்தைக்கு வருகின்றன. இதைக் கவனிக்க வேண்டும்.

கடிதம் யாருக்குப் போகும்?

திரும்ப அழைக்கும்போது கம்பெனி என்ன செய்யும்? வண்டி வாங்கியவருக்குத் தகவல் அனுப்பும். கடிதம் போடும், போன் செய்யும்.

யாருடைய விலாசத்துக்கு? புது வண்டியாக வாங்கியவர் கொடுத்த விலாசத்துக்கு!

அவர் வண்டியை விற்று மூன்று வருடம் ஆகியிருக்கும். "வண்டிதான் போய்விட்டதே, இனி நமக்கென்ன?" என்று கடிதத்தை ஓரமாகப் போட்டுவிடுவார். அவரிடம் வாங்கியவர் புரோக்கர். புரோக்கரிடம் வாங்கியவர் இன்னொருவர். இன்று வண்டி ஓட்டுகிறவரோ நாலாவது ஆள். அவருக்கு ஒன்றும் தெரியாது. வண்டி நாலு கை மாறியது. கடிதம் ஒரு கைகூட மாறவில்லை!

"எப்.சி. இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். எப்.சி. நல்லதுதான், கட்டாயம் வேண்டும். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதன் பிறகு வருடந்தோறும் அதை வாங்க வேண்டும். ஆனால், சோதித்த நாளில் வண்டி ஓடத் தகுதியாக இருந்தது என்பதற்குத்தான் அது சான்று. தொழிற்சாலையில் நேர்ந்த தவறு முழுவதையும் அது காட்டிக் கொடுத்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

அமெரிக்காவில் பலியான இருவர்

பழைய வண்டிக்கு வரும் ஆபத்து எப்படிப்பட்டது என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம்.

அங்கே போர்டு கம்பெனி 'ரேஞ்சர்' என்ற பிக்-அப் வண்டியைச் செய்தது. மோதினால் விரிந்து உயிரைக் காக்கும் காற்றுப்பை அதில் உண்டு. தகாட்டா என்ற ஜப்பான் கம்பெனி செய்த பை அது. பையை ஊத வைக்கும் மருந்து பல வருட வெயிலிலும் ஈரத்திலும் கெட்டுப் போயிற்று. காக்க வேண்டிய பை வெடித்தது. இரும்புத் துண்டுகள் பாய்ந்தன.

2006-ம் ஆண்டு மாடல் ரேஞ்சர் வண்டி ஓட்டிய இருவர் இப்படி இறந்தார்கள். ஒருவர் 2015-ல், மற்றவர் 2017-ல். 2018 ஜனவரியில், "இந்த வண்டிகளில் சிலவற்றை இனி ஓட்டவே ஓட்டாதீர்கள்" என்று கம்பெனி சொல்ல நேர்ந்தது.

புதிதாக இருந்தபோது ஒன்றும் ஆகவில்லை. பல வருடம் கழித்து உயிரைக் குடித்தது. பிறவிக் கோளாறு வயதானால் மறையாது; சில சமயம் முற்றும்.

நல்ல உதாரணமும் உண்டு. டொயோட்டா கம்பெனியின் 'டகோமா' பிக்-அப் வண்டிகளில் அடிச்சட்டம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. 1995 முதல் 2000 வரை வந்த மாடல்கள் அவை. 2008-ல் கம்பெனி அந்த வண்டிகளைச் சோதித்தது. மோசமாகத் துருப்பிடித்தவற்றை, சந்தை மதிப்பைப் போல் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது!

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் 2012 வரை இதற்கு ஒழுங்கான முறை இல்லை. அந்த வருடம் மோட்டார் உற்பத்தியாளர் சங்கம் தானாக ஒரு நடைமுறை வகுத்தது. கட்டாயம் இல்லை.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. 110-ஏ என்ற புதுப் பிரிவு வந்தது. கோளாறான வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவு போட மத்திய அரசுக்கு அதிகாரம் கிடைத்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தன. செய்து ஏழு வருடம் ஆகாத வண்டிகளுக்கு இந்த விதி பொருந்தும். அரசு கட்டாயப்படுத்தித் திரும்ப அழைக்க நேர்ந்தால், கம்பெனிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். கம்பெனி தானாகவே முன்வந்து சொன்னால் அபராதம் இல்லை.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. ஒரே மாதிரி வண்டியைப் பற்றி, குறிப்பிட்ட அளவு சொந்தக்காரர்கள் புகார் செய்தால், அதைக் கொண்டே அரசு விசாரணை தொடங்கலாம். அதாவது, நம் புகார் ஒவ்வொன்றும் கணக்கில் சேரும்.

டீக்கடையில், "என் வண்டி பிரேக் சரியில்லை, அண்ணே" என்று சொன்னால், "என் வண்டியும் அப்படித்தான், தம்பி" என்பார் பக்கத்தில் இருப்பவர். அந்தப் புகார் டீயோடு ஆறிவிடும். எழுதிக் கொடுத்தால்தான் எண்ணிக்கையில் சேரும்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

1. ஆர்.சி.யில் 'சேஸ் நம்பர்' இருக்கும். எழுத்தும் எண்ணுமாக 17 இடம். அதே நம்பர் வண்டியின் அடிச்சட்டத்திலும் பொறித்திருக்கும். இரண்டையும் ஒத்துப் பாருங்கள். மாறியிருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

2. அந்த நம்பரை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். "இந்த வண்டிக்குத் திரும்ப அழைப்பு உண்டா? வேலை முடிந்ததா?" என்று கேளுங்கள். திரும்ப அழைப்பு என்பது ஆளுக்கு அல்ல; வண்டிக்கு. "நீங்கள் முதல் சொந்தக்காரர் இல்லையே" என்று யாராவது சொன்னால், பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

3. வாங்கிய உடனே உங்கள் பெயர், விலாசம், போன் நம்பரைச் சர்வீஸ் சென்டரில் பதியச் சொல்லுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. அடுத்த கடிதம் உங்கள் வீட்டுக்கு வரும்.

4. பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் பெரம்பலூர் அல்லது அரியலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுங்கள். வண்டி மேல் கடன் இருந்தால், பைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும்.

விற்கிறவருக்கும் ஒரு வார்த்தை. ஒரு கார் பல கை மாறியது. ஆர்.சி.யில் முதல் ஆளின் பெயரே இருந்தது. விபத்து நடந்தது. "நான் எப்போதோ விற்றுவிட்டேன்" என்றார் அவர். "பதிவில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே பொறுப்பு" என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. பெயர் மாற்றாத வண்டி, விற்றவர் தலையிலும் கத்திதான்.

கோளாறு கண்டால்...

முதலில் சர்வீஸ் சென்டரில் எழுத்து மூலம் கொடுங்கள். நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். சர்வீஸ் பில் ஒவ்வொன்றையும் பத்திரமாக வையுங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'வாகன்' இணையத்திலும் புகார் பதியலாம். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களை விட்டுச் செய்யச் சொல்லுங்கள். போனில் கேட்க விரும்பினால் 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண்.

அப்படியும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. "சரக்கு வண்டி வியாபாரத்துக்கானது. உங்களுக்கு அங்கே வழியில்லை" என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது முழு உண்மை அல்ல. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியவரைச் சட்டம் நுகர்வோர் என்றே ஏற்கிறது. ஆகவே, சொந்த வண்டியைத் தானே ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவர் தைரியமாகப் போகலாம். 2019-ம் வருடச் சட்டப்படி, தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. ஆனால், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

தவறை ஒப்புவது அவமானமா?

"எங்கள் வண்டியில் கோளாறு" என்று சொன்னால் பெயர் கெட்டுவிடுமே என்று கம்பெனிகள் தயங்குவது உண்டு. அரியலூர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது.

1956-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி. அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் உடைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அப்போது ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி. அவர் பாலம் கட்டியவர் அல்ல. ரயில் ஓட்டியவரும் அல்ல. ஆனாலும், "பொறுப்பு என்னுடையது" என்று பதவியை விட்டார். அவர் பெயர் கெட்டதா? பின்னாளில் நாட்டின் பிரதமரே ஆனார்!

தவறை ஒப்புக்கொண்டு வண்டியைத் திரும்ப அழைக்கும் கம்பெனியை ஏளனம் செய்ய வேண்டாம். தெரிந்தும் மறைக்கிற கம்பெனிக்குத்தான் அஞ்ச வேண்டும்.

நம் பக்கத்திலும் பொறுப்பு இருக்கிறது. சரக்கு வண்டியில் வெங்காய மூட்டை மட்டுமா போகிறது? கூடாது என்று சட்டம் சொன்னாலும், கோவிலுக்கும் துக்க வீட்டுக்கும் பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள். பிரேக் பிடிக்காவிட்டால் போகிற உயிர் ஓட்டுகிறவருடையது மட்டும் அல்ல.

வீட்டில் பிக்-அப் வண்டி வைத்திருப்பவர்கள் நாளைக்கே ஆர்.சி.யை எடுங்கள். அந்த 17 இட நம்பரை ஒரு தாளில் எழுதுங்கள். சர்வீஸ் சென்டருக்கு ஒரு நடை போய் வாருங்கள். அரை நாள் வாடகை போகலாம். போனால் போகட்டும்!