விளையாட்டு சர்வரும் ஒரு கடைதான்

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு வரும் வாகனங்களை மறித்து, "ரூம் வேணுமா சேர்?" என்று கேட்கும் தரகர்களை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். அறை நல்லதோ இல்லையோ, ஆளை வாசல் வரை கொண்டுவந்து விடுவதே அவர்கள் வேலை. இணையத்திலும் அப்படித் தரகர்கள் உண்டு என்பதை என் மகன் மூலமாகவே அறிந்துகொண்டேன்.

மைன்கிராப்ட் என்றொரு கணனி விளையாட்டு. பலர் சேர்ந்து விளையாட வேண்டுமானால் ஒரு கணனி எல்லோருக்கும் பொதுவாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதுவே சர்வர். 2021ல் கடையின் பின்னறையில் ஒரு பழைய கணனியில் மகன் அப்படியொரு சர்வரைத் திறந்தான். ஒருவரும் வரவில்லை. "பட்டியல்ல போட்டாத்தான் வாப்பா வருவாங்க" என்றான்.

சர்வர்களைப் பட்டியலிடுவதற்கென்றே தளங்கள் உள்ளன. பெயர், முகவரி, நாலு வரி விளக்கம், ஒரு படம் கொடுத்தால் போதும். சாதாரணப் பதிவுக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. யார் மேலே நிற்பது என்பதை விளையாடுவோரின் வாக்குகள் தீர்மானிக்கும். பல தளங்களில் மாதம் பிறந்ததும் வாக்குகள் பூச்சியமாகிவிடும். எனவே புதியவருக்கு மாதத்தின் முதல் நாட்களே வாய்ப்பு.

பதிந்ததும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், தங்கவில்லை. காரணம் எனக்கு உடனே விளங்கியது. ஆளில்லாத ஹோட்டலில் யார் சாப்பிட உட்காருவார்? காலையில் ஒருவர் வந்து, யாருமில்லை என்று போய்விடுவார். அவர் போன பிறகு வருபவரும் அதையே செய்வார். "இரவு 8 முதல் 10 வரை போட்டி என்று விளக்கத்திலேயே எழுது" என்றேன். எழுதினான். கூட்டம் சேர்ந்தது. என் தூக்கம்தான் போனது.

பிறகு 2022 மார்ச் வந்தது. மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. பட்டியல் தளம் சில நிமிடங்களுக்கொருமுறை சர்வரைத் தட்டிப் பார்க்கும். பதிலில்லாவிட்டால் மூடியிருப்பதாக உலகத்துக்கே காட்டும். வெளிநாட்டில் சர்வரை வாடகைக்கு எடுக்கலாமென்றால், 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டிவிட்டது. அந்நேரம் ஒருவர் வாக்குகளை விலைக்குத் தருவதாகச் சொல்ல, மகன் என்னிடம் காசு கேட்டான். மூடிக்கிடக்கும் கடைக்குப் பெரிய போர்ட் எதற்கு என்று மறுத்தேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

காசு சேர்க்கும் வழியிலும் கட்டுப்பாடு உண்டு. விளையாட்டின் உரிமையாளர்களான மோஜாங் நிறுவனம் 2014ல் வகுத்த விதிப்படி அலங்கார உடைகளை விற்கலாம். காசு கொடுத்தவரை மற்றவர்களைவிடப் பலசாலியாக்கும் ஆயுதங்களை விற்கக் கூடாது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. கடைசியில் நண்பர்கள் பங்கு போட, மிகச் சிறிய வாடகை சர்வர் ஒன்றை எடுத்தார்கள்.

கனடாவில் தொடங்கிய ஹைபிக்சல் என்ற சர்வரின் கதையை மகன் சொன்னான். அதன் நிறுவனர்கள் முதலில் விளையாட்டுக்கான வரைபடங்களைச் செய்து, யூடியூபில் காட்டி ரசிகர்களைச் சேர்த்தார்கள். சர்வர் திறந்தது 2013ல். 2021ல் ஒரே நேரத்தில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் விளையாடினார்கள். அதாவது, கடை திறக்கு முன்பே வாடிக்கையாளர் இருந்தார்கள்.

மகனும் தன் சர்வருக்குள் எங்கள் ஊரின் 1894ஆம் ஆண்டுத் தபால் நிலையத்தைக் கட்டி, அதன் படத்தையே பட்டியலில் போட்டான். ஆயிரம் சர்வர்களுக்கிடையே அந்தச் சிவப்புக் கட்டடம் கண்ணில் படுகிறது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் இது உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டாராம். மறுநாள் காலை மகன் போட்டோ எடுக்கப் போனான்.