படகு நின்ற துறை

ஊத்துக்கோட்டைப் பாலத்தின் மேல் நின்று ஆரணியாற்றைப் பார்த்திருக்கிறீர்களா, நேயர்களே? வருஷத்தில் பல மாதம் வெறும் மணல்தான். மழைக் காலத்தில் மேலே பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டால் மட்டும் இரு கரையும் புரளும். அந்த வெள்ளம் கிழக்கே போய்ச் சேருமிடம் பழவேற்காட்டு ஏரி. சென்னையிலிருந்து நெல்லூர்ச் சீமைக்குப் படகேறிப் போனவர்கள் இளைப்பாறிய துறை அது!

"ரயில் என்ன ஆயிற்று?" என்றுதானே கேட்கிறீர்கள்? ரயிலுக்கு முன்பே கால்வாய் வந்துவிட்டது. 1806-ல் கோக்ரேன் துரை சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே கால்வாய் வெட்டினார். பிறகு அது பழவேற்காடு வரை நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தின்போது, பசித்து வந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். 1878-ல் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைக் கால்வாய்க்குச் சூட்டினார்கள். மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பிரயாணம் சாவகாசமானது. கால்வாயில் ஆட்கள் கரையோடு நடந்து கயிறு கட்டி இழுப்பார்கள். அல்லது கழி ஊன்றித் தள்ளுவார்கள். ஏரிக்கு வந்ததும் பாய் விரியும். காற்று எதிர்த்தாலோ, அது மனம் மாறும்வரை துறையில் காத்திருக்க வேண்டியதுதான். உப்பும் விறகும் நெல்லும் இப்படித்தான் பட்டணம் வந்தன.

காத்திருப்பவர் பார்க்கப் பழவேற்காட்டில் விஷயம் உண்டு. டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய ஜெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் சிற்பமாய் நிற்கின்றன. பயப்படாதீர்கள்; பக்கத்துத் தெருக்களில் முஸ்லிம் பெண்மணிகள் பின்னும் பனையோலைப் பெட்டிகள் அந்தப் பயத்தைப் போக்கிவிடும்!

லாரியும் ரயிலும் பெருகப் படகுகள் குறைந்தன. 1976-ல் அடித்த புயல் கரைகளைச் சிதைத்தது. சென்னை நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்களே கால்வாய்க்குள் இறங்கிவிட்டன. ஆனாலும் 2004 சுனாமியில் கடலலையின் வேகத்தை இந்தக் கிழட்டுக் கால்வாய் ஓரளவு வாங்கிக்கொண்டது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். 2008-ல் இது தேசிய நீர்வழியின் ஒரு பகுதி என அறிவிப்பும் வந்தது. படகுதான் வரவில்லை.

ஊத்துக்கோட்டை அருகே இன்னொரு கால்வாயும் உண்டு. 1996 முதல் கிருஷ்ணா நீர் பூண்டிக்குப் போகும் வழி அது. அதில் தண்ணீர் வந்தால் மலர் தூவி வரவேற்கிறோம். பழைய கால்வாயிலோ சாக்கடையை விடுகிறோம்.

பழவேற்காட்டின் முகத்துவாரத்தை மணல் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. அடைந்தால் மீன் குறையும். படகு கடலுக்குப் போகாது. மீனவர் வீட்டு அடுப்பும் எரியாது. அந்த மணலைத் தள்ளுகிற பலம் ஆற்று வெள்ளத்துக்கு உண்டு. ஆகவே, ஆரணியாற்றில் வெள்ளம் என்று பேப்பரில் படித்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். கீழே ஓர் ஊர் அதற்காகவே காத்திருக்கிறது.