தந்தையின் பெட்டியும் மகனின் பெட்டியும்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். அங்கே தந்தைக்கும் மகனுக்கும் இடையே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. சொத்து வழக்கன்று, எந்த வீடியோ கேம் பெட்டி சிறந்தது என்னும் வழக்கு! மகனுக்கு வயது பதினான்கு. அவன் கட்சி, தன்னிடமுள்ள பிளேஸ்டேஷன் 5. தந்தையின் கட்சி, 1990-களில் அவருடைய பள்ளிப் பருவத்தில் வீட்டிலிருந்த பழைய டிவி கேம்.

"உங்க கேம்ல ஆளுக்கு மூக்கே கிடையாதேப்பா!" என்றான் மகன்.

"மூக்கு இல்லாட்டி என்னடா? நானும் உன் சித்தப்பாவும் சோறு தண்ணி மறந்து ஆடினோம்" என்றார் தந்தை.

நடுவராக இருக்கும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அறியாத பொருளில் தீர்ப்புக் கூறுதல் தகாதென்று தவணை வாங்கிக்கொண்டு வந்தேன். பின்னர் இப்பெட்டிகளின் வரலாற்றைப் புரட்டியபோது, நான் எதிர்பாராத ஒன்று புலப்பட்டது. வாசக அன்பர்களுக்கும் அது பயன்படக்கூடும் என்றே இதனை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் 'கன்சோல்' என வழங்கும் இப்பெட்டிக்குத் தந்தையெனப் போற்றப்படுபவர் ரால்ஃப் பேர். 1922-ஆம் ஆண்டு ஜெர்மனியில் யூதக் குடும்பமொன்றில் பிறந்து, நாசிகளின் கொடுமைக்கு அஞ்சி 1938-இல் குடும்பத்தோடு அமெரிக்கா சென்றவர். வானொலிப் பெட்டி பழுதுபார்த்துப் பிழைத்தவர். வீடுதோறும் தொலைக்காட்சி வந்துவிட்டது. அதனைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாதா என்ற கேள்வி அவரை வாட்டியது. 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தம் எண்ணத்தை நான்கே பக்கங்களில் எழுதிவைத்தார். அதன் விளைவாக 1972-இல் 'மேக்னவாக்ஸ் ஒடிஸி' விற்பனைக்கு வந்தது.

இன்றைய சிறுவர் அதனைக் கண்டால் நகைப்பர். திரையில் தோன்றுபவை சில வெண்சதுரங்களும் ஒரு கோடுமே. ஒலி இல்லை, வண்ணமில்லை, வெற்றி தோல்வியைக் கணக்கிடவும் அதற்குத் தெரியாது. ஆட்டத்திற்கேற்ற படம் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தொலைக்காட்சித் திரைமீது ஒட்டிக்கொள்ள வேண்டும். தாயக்கட்டை போன்ற பகடைகளும், சீட்டுகளும், விளையாட்டு நோட்டுப் பணமுங்கூட அப்பெட்டியில் வந்தன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் கைப்பெட்டிகள் இரண்டு இருந்தன. அதன் புகழ்பெற்ற மேசைப் பந்தாட்டத்தைத் தனியொருவர் ஆட இயலாது. எதிரே ஆடிப் பந்தைத் திருப்பியனுப்ப மற்றொருவர் வேண்டும்.

1977-இல் வந்த அட்டாரியிலும் இவ்வாறே இரண்டு ஜாய்ஸ்டிக்குகள். ஆட்டத்தின் நிலையை நினைவில் வைத்துக்கொள்ள அதற்கிருந்த இடம் 128 பைட்; அதாவது ஆங்கில எழுத்துகள் 128-ஐக் குறித்துவைக்கும் அளவே. மகனின் பெட்டிக்கோ ஏறத்தாழ 1,600 கோடி பைட்! அந்த 128-ஐக் கொண்டே கோடிக்கணக்கான வீடுகளில் அட்டாரி புகுந்தது. பின்னர்ப் பேராசை பிடித்தது. தரமற்ற ஆட்டங்கள் வந்து குவிந்தன. 1983-இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. விற்காத கேசட்டுகளை நியூ மெக்சிகோ மாநிலத்தில் குப்பைக் குழியில் கொட்டி மூடினார்கள். 2014-இல் அக்குழியைத் தோண்டிப் பார்த்தபோது கேசட்டுகள் அங்கே கிடந்தன.

அதே 1983-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் ஒரு பெட்டியை வெளியிட்டது. 1889-ஆம் ஆண்டு கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. பெட்டிக்கு அவர்கள் இட்ட பெயரைக் கேளுங்கள்: 'ஃபேமிலி கம்ப்யூட்டர்', அதாவது குடும்பக் கணினி. இரண்டு கன்ட்ரோலர்கள் கம்பியால் பெட்டியோடு பிணைக்கப்பட்டிருந்தன. இரண்டாமவருக்குரியதில் பேசுவதற்கு ஒரு சிறு மைக்கும் இருந்தது. அமெரிக்கப் பதிப்பையும் சேர்த்து உலகெங்கும் 6 கோடியே 19 லட்சம் பெட்டிகள் விற்றன.

தந்தையின் டிவி கேம் எதுவென்று இப்போது விளங்கியிருக்கும். இந்த ஜப்பானியப் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்தான் 1990-களில் நம் ஊர்க் கடைகளில் மலிவாக விற்றது. '9999 இன் 1' என்று கேசட்டின்மேல் அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால், அதே சில ஆட்டங்கள் வெவ்வேறு எண்களில் திரும்பத் திரும்ப வரும். அசலோ நகலோ, இரண்டாம் ஜாய்ஸ்டிக் மட்டும் தவறாமல் இருந்தது. அண்ணனும் தம்பியும் 'கான்ட்ரா' ஆடிய வீடுகள் எத்தனை! அதில் நீர்வீழ்ச்சியில் தாவியேறும் கட்டம் ஒன்றுண்டு. ஒருவன் அவசரப்பட்டு மேலே ஏறிவிட்டால் திரையும் அவனோடு மேலே நகரும், பின்தங்கியவன் மாண்டுபோவான். அண்ணன் தம்பிக்காகக் காத்து நிற்க வேண்டும். காத்திராத அண்ணன்மார் அடிவாங்கிய கதையும் உண்டு.

வலிமை மிக்க பெட்டியே வெல்லும் என்ற எண்ணத்தை முதலில் உடைத்தவர் குன்பெய் யோகோய் என்பவர். நின்டெண்டோவில் சீட்டுக்கட்டு இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்கு 1965-இல் சேர்ந்தவர். பழகிப் பழகி மலிந்துவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்துவதே அறிவு என்பது அவர் கொள்கை. 1989-இல் அவருடைய குழுவினர் செய்த 'கேம் பாய்' கைக்கருவிக்கு மங்கிய பச்சை நிறத் திரைதான். மறு ஆண்டே வந்த சேகா நிறுவனத்தின் 'கேம் கியர்' வண்ணத் திரையோடு மின்னியது. ஆனால் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் அது விழுங்கிவிடும்! கேம் பாயோ நான்கு பேட்டரிகளில் பத்து மணி நேரத்திற்கு மேல் ஓடியது. இரு கருவிகளை ஒரு வடத்தால் இணைத்து இருவர் ஆடவும் வழியிருந்தது. வண்ணக் கருவி ஒரு கோடியைச் சற்றே கடந்தது. கேம் பாயும் அதன் பிற்கால வண்ணப் பதிப்பும் 11 கோடியே 86 லட்சம். வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் கருகியும் ஓடிக்கொண்டிருந்த ஒரு கேம் பாய், நியூயார்க் நகரிலுள்ள நின்டெண்டோ கடையில் நெடுங்காலம் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது.

இதற்கு மாறான சான்றும் உண்டு. மறைப்பது நடுவருக்கு அழகன்று. 1994-இல் சோனியின் பிளேஸ்டேஷன் வந்தது. 1996-இல் வந்த 'நின்டெண்டோ 64' பெட்டியின் முகப்பில் நால்வர் அமர்ந்தாட நான்கு இணைப்புகள் இருந்தன. என் கணக்குப்படி அதுவே வென்றிருக்க வேண்டும். வென்றதோ இருவருக்கு மட்டும் இணைப்பு வைத்த பிளேஸ்டேஷன்: 10 கோடிக்கு மேல். நால்வர் பெட்டி 3 கோடியே 29 லட்சத்தில் நின்றது. பிளேஸ்டேஷன் பயன்படுத்திய குறுந்தகடு மலிவு. அதில் கொள்ளும் ஆட்டமும் பெரிது. 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2, டிவிடி படம் காட்டும் பெட்டியாகவும் பயன்பட்டதால் 16 கோடியைத் தொட்டது.

இக்காலத்தில்தான் ஒரு சிறு மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்தது. அட்டைப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்தது ஒரே கன்ட்ரோலர். இரண்டாவது வேண்டுமெனில் தனியே விலை கொடுத்து வாங்க வேண்டும். 2002-இல் எக்ஸ்பாக்ஸ் இணையவழி ஆட்டத்தைத் தொடங்கியபின், எதிராளி பக்கத்து நாற்காலியிலிருந்து பக்கத்து நாட்டிற்குக் குடிபெயர்ந்தான். திரையை இரண்டாகப் பகுத்து இருவர் ஆடுவதற்குப் பெயர்பெற்ற 'ஹேலோ' ஆட்டத்தின் ஐந்தாம் பாகம், 2015-இல் அவ்வசதியின்றியே வெளிவந்தது. ஆடுவோர் வருந்திக் குரலெழுப்பினர், பயனில்லை.

பிளேஸ்டேஷனைப் பற்றிப் பேசுகையில் நம் இல்லங்களுக்கு அறிமுகமான ஓர் இளைஞரைச் சொல்லாமல் விட இயலவில்லை. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பெற்ற கார்லோ அக்குதிஸ் அதனை விரும்பி ஆடியவர். வாரத்திற்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆடுவதில்லை எனத் தமக்குத் தாமே வரையறை வகுத்துக்கொண்டார். வகுத்தவர் தாயல்லர், தந்தையல்லர் என்பதை இளைஞர் கவனிக்க! (பெற்றோரும் இதனைக் காட்டிப் பிள்ளைகளை வதைக்க வேண்டா.)

அவர் மறைந்த 2006-ஆம் ஆண்டின் இறுதியில் நின்டெண்டோ 'வீ' என்னும் பெட்டியை வெளியிட்டது. அதே வேளையில் வந்த பிளேஸ்டேஷன் 3-இன் வலிமை அதற்கில்லை, விலையும் பாதி. ஆனால் ரிமோட்டைக் கையில் பிடித்து வீசினால் திரையில் பந்து உருண்டது. பொத்தான்களைக் கண்டு அஞ்சிய பாட்டிமாரும் எழுந்து நின்று ஆடினர். மேலை நாட்டு முதியோர் இல்லங்களில் பந்துருட்டும் போட்டிகளே நடந்தன. பத்துக் கோடிக்கு மேல் விற்றது அது. 2017-இல் வந்த 'ஸ்விட்ச்' கருவியின் இரு புறமும் கழற்றி மாட்டும் கைப்பிடிகள் உண்டு. ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டால் இருவர் ஆடலாம். அட்டாரி காலத்து வழக்கம் மீண்டது போலும்.

இனி மகனின் பெட்டிக்கு வருவோம். அதன் வலிமையில் ஐயமில்லை; படங்கள் உயிரோடு நடமாடுகின்றன. அதில் 'இட் டேக்ஸ் டூ' என்றோர் ஆட்டம் ஓடும். 2021-இல் ஆண்டின் சிறந்த ஆட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மணமுறிவின் விளிம்பில் நிற்கும் கணவனும் மனைவியும் மகளின் கண்ணீரால் சிறு பொம்மைகளாகிவிடுகின்றனர். ஒருவர் கையில் சுத்தியல், மற்றவர் கையில் ஆணி. இருவரும் சேர்ந்தாலன்றி ஓரடியும் நகர முடியாது. இவ்வாட்டத்தைத் தனியே ஆடவே இயலாதபடி செய்திருக்கிறார்கள்.

இதனைத் தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் அமைதி. "நம்ம வீட்டுல இருக்கறது ஒரே கன்ட்ரோலர்தானே" என்றார் தந்தை.

சென்ற மாதம் அவ்வழியே போனபோது மீண்டும் அவ்வீட்டுப் படியேறினேன். மேசைமீது இரண்டாவது கன்ட்ரோலர் இருந்தது. என் தீர்ப்பை எவரும் கேட்கவில்லை. ஆணி எறிய வேண்டிய இடத்தில் எறியாமல் நின்றது யார் என்பதைப் பற்றித் தந்தையும் மகனும் உரத்த குரலில் வழக்காடிக்கொண்டிருந்தனர். அடுத்த முறை தனக்கும் இடம் வேண்டுமென்று அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார்.