ஈயம் ஓட வேண்டுமென்றால்…

புரட்டாசி பிறந்ததும் தூத்துக்குடியில் ஓட்டு வீட்டுக்காரர்களும் தகரக் கொட்டகைக்காரர்களும் ஒரு முறையாவது அண்ணாந்து பார்ப்பார்கள். கூரை விளிம்பில் ஓடும் தகரக் கால்வாயில் எந்த இணைப்பு வாய் பிளந்திருக்கிறது, இரண்டு கூரைகள் சேரும் கூடல்வாயில் எங்கே துரு ஏறியிருக்கிறது என்று பார்த்து, ஐப்பசி அடைமழைக்குள் சரிசெய்தாக வேண்டும். தகர வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டதால், நாமே பற்றவைத்துவிடலாம் என்று பலர் கடைக்குப் போகிறார்கள். ‘சால்டரிங் அயர்ன்’ என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது பேனா பருமனில் 25 வாட் கருவி. கூடவே ரேடியோ வேலைக்கான ஈயக்கம்பி. அதை வைத்துக்கொண்டு ஜி.ஐ. தகட்டில் பற்றவைத்தால், ஈயம் உருண்டையாகத் திரண்டு உதிர்ந்துவிடும். வேலை தெரியாத கை என்று நம்மையே நொந்துகொள்வோம். உண்மையில் அந்தக் கருவியால் அந்த வேலை நடக்கவே நடக்காது.

கால்வாய் ஒழுகுவதை இந்த ஊரில் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆண்டுக்குச் சராசரியாக 65 செ.மீ. அளவில்தான் இங்கே மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். உப்பளம் செழிக்கும் மண்ணில் நிலத்தடி நீரும் பல தெருக்களில் உப்புக் கரிக்கும். வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்தை இன்றும் நன்றியோடு பேசும் ஊர் இது. அறுபது சதுர மீட்டர் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் 600 லிட்டர் நல்ல தண்ணீர். 2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. தொட்டியும் குழாயும் அமைத்த பலர், கூரைக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கும் அந்தத் தகரக் கால்வாயைத்தான் மறந்துவிட்டார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. அதே அறுபது சதுர மீட்டர் கூரையில் அன்று விழுந்தது 57,000 லிட்டர். அந்த வெள்ளத்தை எந்தக் கால்வாயும் தாங்காது என்பது வேறு. ஆனால் ஒழுகும் இணைப்பு ஒவ்வொரு சாதாரண மழையிலும் சுவரின் ஒரே இடத்தை நனைத்துக்கொண்டிருக்கும். அந்தச் சுவர்தான் பெருமழையில் முதலில் பெயர்கிறது.

கருவி வாங்கும் முன் தகடு எது என்று பார்த்துவிடுவது நல்லது. பழைய ஜி.ஐ. தகட்டில் துத்தநாகம் பூப்பூவாய்ப் படிந்திருக்கும். ஈயம் அதில் நன்றாகப் பிடிக்கும். செம்பு, பித்தளைத் தகடுகளிலும் பிடிக்கும். இப்போது எங்கும் தெரிகிற வண்ணப் பூச்சுத் தகடுகளில் இந்த முயற்சியே வேண்டாம். பெயின்ட் கருகும்; அதன் அடியில் பெரும்பாலும் அலுமினியம் கலந்த பூச்சு இருக்கும். அலுமினியம் காற்றுப் பட்ட கணமே ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்வதால் சாதாரண ஈயம் அதன்மேல் ஒட்டாது. அங்கே பாப் ரிவெட் அடித்து, நியூட்ரல் வகை சிலிக்கான் பூசுவதுதான் வழி. புளித்த காடி வாடை அடிக்கும் சிலிக்கானை வாங்கிவிடாதீர்கள். அதிலிருந்து வரும் அமிலம் தகட்டையே அரிக்கும். தகடு எந்த வகை என்று குழப்பமாக இருந்தால் மறைவான ஒரு மூலையைச் சுரண்டி, பிளக்ஸ் தடவி, ஒரு சொட்டு ஈயம் வைத்துப் பார்த்துவிடலாம். பரவினால் வேலையைத் தொடங்கலாம்.

இப்போது கருவி. மெல்லியதாக இருந்தாலும் தகடு அகலமானது. ஓரிடத்தில் வைத்த சூட்டை நாலா பக்கமும் இழுத்துக்கொண்டு போய்விடும். சின்னக் கருவியின் முனையிலும் சூடு இருக்கிறது, ஆனால் சேமிப்பு இல்லை. தகட்டைத் தொட்டதும் குளிர்ந்துவிடும். அதனால்தான் அந்தக் காலத் தகர வேலைக்காரர்கள் அரைக் கிலோ, ஒரு கிலோ செப்புக் கட்டியை இரும்புக் கம்பியில் பொருத்தி, மரப்பிடி போட்டு வைத்திருந்தார்கள். செம்பு சூட்டை நிறைய வாங்கிவைத்து, கேட்ட இடத்தில் சட்டென்று கொடுக்கும். மின்சாரக் கருவிதான் வேண்டுமென்றால் 200 வாட்டுக்குக் குறையாமல், கோடரி வாய்போல அகன்ற முனையுள்ளதாக வாங்க வேண்டும். ஊசி முனை எத்தனை வாட்டாக இருந்தாலும் இந்த வேலைக்கு உதவாது.

இந்தக் கனமான செப்புக் கருவி எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்குத் தூத்துக்குடியிலேயே பதில் இருக்கிறது. துறைமுக ஊர் என்பதால் லாரிகள் நிறைந்த ஊர். லாரி இருக்கும் இடத்தில் ரேடியேட்டர் பட்டறை இருக்கும். பித்தளை, செம்பு ரேடியேட்டர்களின் ஒழுக்கை அடைப்பது முழுக்க முழுக்க ஈயப்பற்று வேலைதான். அடைத்த இடம் எந்நேரமும் சூட்டிலும் அதிர்விலும் கிடந்து, தண்ணீர் கசியாமல் நிற்க வேண்டும். ஆகவே கூரைத் தகரத்துக்குத் தேவையான கருவி, ஈயக்குச்சி, பிளக்ஸ், பழகிய கை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. புதிய வண்டிகளில் அலுமினிய ரேடியேட்டரும் பிளாஸ்டிக் தொட்டியும் வந்துவிட்டதால் இந்தப் பட்டறைகளின் வேலை சுருங்கிக்கொண்டே போகிறது. அங்கே போய், “அண்ணாச்சி, பழைய கட்டி ஒண்ணு கெடைக்குமா?” என்று கேட்டு வாங்கி, அவர் பற்றவைப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வருவதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. அந்தக் கையில் இருக்கும் அறிவு எழுத்தில் பாதிதான் வரும்.

கட்டியைச் சூடாக்க முன்பு மண்ணெண்ணெய் புளோ லாம்ப் இருந்தது. இப்போது சின்ன எரிவாயு டார்ச் கிடைக்கிறது. ஆனால் இந்த மாவட்டத்துக்குக் கரி அடுப்பும் பொருத்தம்தான். விளாத்திகுளம், புதூர்ப் பக்கம் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டு எடுக்கும் கரி நின்று எரியும், புகை குறைவு. இரண்டு கட்டிகள் வைத்திருந்தால் ஒன்று அடுப்பில் கிடக்க மற்றது கையில் இருக்கும், வேலை தடைபடாது. செம்பைச் சுற்றிச் சுடர் பச்சையாக மாறத் தொடங்கினால் சூடு போதும், வெளியே எடுத்துவிடலாம். சிவக்கும்வரை விட்டால் முனையில் ஏற்றிய ஈயம் எரிந்து, செம்பு கருத்துவிடும்.

முனையில் ஈயம் ஏற்றுவது என்பதைப் புதியவர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். கட்டியின் முகத்தை அரத்தால் ராவிப் பளபளப்பாக்கி, சூடாக்கி, நவச்சாரக் கட்டியில் தேய்த்து, உடனே ஈயக்குச்சியைத் தொட்டால் முகம் முழுதும் வெள்ளி பூசியதுபோல் மின்னும். அப்படி மின்னும் முகம்தான் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும். கருத்த முனையை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் பயன் இல்லை. நவச்சாரப் புகை தொண்டையைப் பிடிக்கும் என்பதால் இதைத் திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று செய்ய வேண்டும்.

அடுத்தது பிளக்ஸ். ரேடியோக்காரரின் ரோசின் இங்கே வேலைக்கு ஆகாது. துத்தநாகத்தின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைக்க ஜிங்க் குளோரைடு வேண்டும். அந்தக் காலத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டு, நுரைப்பது அடங்கும்வரை விட்டு, இதைப் பட்டறையிலேயே தயாரித்தார்கள். அப்போது வெளியேறுவது ஹைட்ரஜன். பக்கத்தில் அடுப்பு இருந்தால் ஆபத்து. வீட்டில் செய்பவர்கள் தயாராக விற்கும் ஜிங்க் குளோரைடு பிளக்ஸையே வாங்குங்கள். எதை வாங்கினாலும் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைவிடப் பெரிய தவறு இல்லை.

ஈயம் எது? பொதுவாகக் கிடைப்பது வெள்ளீயமும் காரீயமும் பாதிக்குப் பாதி, அல்லது 60-க்கு 40 கலந்த குச்சி. இரண்டுமே 183 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். தகட்டின் மேலுள்ள துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் நம் வேலை. டார்ச் சுடரை நேராகத் தகட்டில் காட்டினால் இந்த எல்லை தாண்டி, துத்தநாகம் எரிந்து வெண்புகை எழும். மூச்சில் ஏறினால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரக்கூடும். தகட்டின் காப்பும் அந்த இடத்தில் போய்விடும்.

கூரைத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பிடிப்பவர்கள் காரீயம் கலந்த குச்சியைத் தொடவே வேண்டாம். மழைநீர் உப்பில்லாத, லேசான அமிலத்தன்மை உள்ள நீர், காரீயத்தைக் கரைக்கும். அமெரிக்கா குடிநீர்க் குழாய்களில் காரீயப் பற்றை 1986-லேயே தடை செய்துவிட்டது. வெள்ளீயத்துடன் சிறிதளவு செம்பு கலந்த காரீயமற்ற குச்சிகள் கிடைக்கின்றன. 227 டிகிரியில் உருகும். விலை கூடுதல், கை கொஞ்சம் பழக வேண்டும். குழந்தைகள் குடிக்கும் தண்ணீர் என்றால் அந்தச் செலவைக் கணக்குப் பார்க்கக் கூடாது.

ஏணியில் நின்றுகொண்டு பற்றவைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கை ஏணிக்குப் போய்விடும்; கொதிக்கும் ஈயம் கீழே நிற்பவர்மேல் விழும். கால்வாயைக் கழற்றி இறக்கி, நாலு செங்கல்மேல் மட்டமாக வைத்துச் செய்யுங்கள். இணையும் இரண்டு முகங்களையும் உப்புத்தாளால் தேயுங்கள். புதுத் தகடாக இருந்தாலும் ஆலையில் பூசிய எண்ணெயும் படலமும் இருக்கும் என்பதால் தேய்க்காமல் விடக் கூடாது. தண்ணீர் ஓடும் திசையில் மேல்துண்டு கீழ்த்துண்டின் உள்ளே ஓர் அங்குலம் ஏறி இருக்கும்படி அமைத்து, முதலில் ரிவெட் அடித்துவிடுங்கள். ஆறு மீட்டர் நீளத் தகரம் விடியலுக்கும் உச்சி வெயிலுக்கும் இடையே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். அந்த இழுப்பைத் தாங்குவது ரிவெட். தண்ணீரைத் தடுப்பது ஈயம். இரண்டு வேலையையும் ஈயத்தின் தலையில் கட்டினால் அடுத்த கோடையிலேயே விரிசல் விடும்.

பிறகு பிளக்ஸ் தடவி, கட்டியின் அகன்ற முகத்தை இணைப்பின்மேல் படுக்கவைத்து நிறுத்துங்கள். தகடு சூடேறியதும் ஈயம் தானாக இடுக்குக்குள் இழுபட்டுப் போகும். அதைப் பார்த்தபடி மெதுவாகக் கட்டியை நகர்த்த வேண்டும். மேலே மேடாகக் கிடக்கும் ஈயத்தில் பலம் இல்லை. உள்ளே போனதுதான் நிற்கும். காலை வேளையில், கடற்காற்று கிளம்பும் முன் இதை முடித்துவிடுவது நல்லது. காற்று வீசினால் கட்டியின் சூடு கைக்கு வருவதற்குள் போய்விடும்.

வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. கடலோரத்தில் பெரும்பாலான பற்றுகள் கெடுவது அதனால்தான் என்பது என் எண்ணம். மிஞ்சிய ஜிங்க் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தகட்டை அரித்துக்கொண்டே இருக்கும். சமையல் சோடா கரைத்த தண்ணீரால் தேய்த்துக் கழுவி, பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் அலசினால் கழுவியதன் பயனே இல்லை. அதற்கு ஆற்றுத் தண்ணீர் இரண்டு குடம் ஒதுக்குங்கள். கடல் அரிப்பு இங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்றால், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அதை ஆராயவே தூத்துக்குடி துறைமுகப் பகுதியில் ஒரு மையம் வைத்திருக்கிறது. சதுர மீட்டருக்கு 275 கிராம் பூச்சு என்று விற்கும் தகட்டில் ஒரு பக்கத்துக்குக் கிடைக்கும் துத்தநாகம் சுமார் 19 மைக்ரான்தான். அரிப்பு மிகக் கடுமையான கடலோரச் சூழலில் ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரான் வரை துத்தநாகம் போகும் என்கிறது சர்வதேசத் தர வகைப்பாடு. கரையிலிருந்து தள்ளிப் போகப் போக இது குறையும். பழைய துறைமுகப் பக்கமோ, உப்பளங்களை ஒட்டியோ வீடு இருப்பவர்கள் 120 கிராம் தகட்டை மலிவு என்று வாங்கினால், எவ்வளவு நல்ல பற்று வைத்தாலும் பற்று மட்டும் மிஞ்சித் தகடு போய்விடும்.

அலசிக் காய்ந்ததும் பற்றின்மேலும் சுற்றியும் ஜிங்க் பிரைமர் ஒரு கை அடியுங்கள். அதற்கும் முன்னால், கால்வாயின் இரு முனையையும் களிமண்ணால் அடைத்து, தண்ணீர் நிரப்பி, அடிப்பக்கம் உலர்ந்த துணியால் துடைத்து, அரைமணி கழித்துத் தொட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி பிளக்ஸ் வைத்துச் சூடாக்கினால் போதும். ஈயத்தை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. மாட்டும்போது பத்தடிக்குக் கால் அங்குலமாவது குழாய்ப் பக்கம் சரிவு வையுங்கள். தேங்கி நிற்கும் தண்ணீரில்தான் துரு முதலில் தொடங்கும்.