காதில் வலி, கோளாறு தாடையில்

வலிக்கும் இடம் வேறு, பிறக்கும் இடம் வேறு

காது குடைகிறது என்று போனால், காது சுத்தமாக இருக்கிறது என்கிறார் மருத்துவர். கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று போனால் சொத்தை இல்லை. நெற்றிப்பொட்டில் தலைவலி என்று கண்ணைச் சோதித்தால் பார்வையிலும் குறையில்லை. ஆனாலும் வலி நிற்பதில்லை. இப்படி அலைபவர்களில் பலருக்குக் கோளாறு காதுத் துளைக்குச் சற்று முன்னால் இருக்கும் தாடை மூட்டிலோ, அதை இயக்கும் தசைகளிலோதான் இருக்கிறது. அந்த மூட்டு, பற்கள், காதின் முன்பகுதி, பொட்டு ஆகிய எல்லாவற்றின் உணர்வையும் முக்கிளை நரம்பின் கிளைகளே மூளைக்குக் கொண்டுசெல்வதால், வலி எங்கிருந்து வருகிறது என்பதில் மூளையே ஏமாந்துபோகிறது. 1934ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் காதுத் தொல்லைகளைத் தாடை மூட்டோடு தொடர்புபடுத்தி எழுதினார். அவர் சொன்ன காரணம் பின்னாளில் நிலைக்கவில்லை. ஆனால் அவர் கவனித்த தொடர்பு நிலைத்தது.

அசைத்துப் பாருங்கள்

ஆகவே வலிக்கும் இடத்தை மட்டும் வைத்து இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது. தாடையை அசைக்கும்போது வலி மாறுகிறதா என்பதே முதன்மையான தடயம். 2014இல் வெளியான சர்வதேச நோயறி விதிகளும் இதையே கேட்கின்றன. முறுக்கைக் கடிக்கும்போது, கொட்டாவி விடும்போது, நெடுநேரம் பேசும்போது வலி கூடுகிறதா? காலையில் எழுந்ததும் தாடை இறுகிக் கிடக்கிறதா? காதுக்கு முன்னால் விரல்நுனியை வைத்து வாயை மெல்லத் திறந்தால், மூட்டு முதலில் கதவுக் கீல் போலச் சுழன்று, பிறகு முன்னோக்கி வழுக்குவது தெரியும். அங்கோ கன்னத் தசையிலோ அழுத்தும்போது பழகிய அதே வலி எழுந்தால் தாடையைச் சந்தேகிக்கலாம். நடு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு இடையே நுழைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். முன்பு நுழைந்தது இப்போது நுழையவில்லை என்றால் மூட்டு இறுகியிருக்கக்கூடும்.

சத்தம் மட்டுமே நோயல்ல

வாய் திறக்கும்போது ‘டக்’ என்ற சத்தம் கேட்கிறதே, அது நோயில்லையா என்று கேட்கலாம். மூட்டுக்குள் இருக்கும் குருத்துத் தட்டு இடம் விலகித் திரும்பும்போது அந்தச் சத்தம் வரும். நலமாக இருக்கும் பலருக்கும் அது உண்டு. வலியும் தடையும் இல்லாத சத்தத்துக்குப் பொதுவாகச் சிகிச்சை தேவையில்லை. சத்தம் திடீரென்று நின்று, அதோடு வாயும் பாதிதான் திறக்கிறது என்றால் மட்டும் தாமதிக்கக் கூடாது. தட்டு திரும்பாமல் சிக்கியிருக்கலாம்.

விதிக்கு விலக்கு

மெல்லும்போது வலித்தாலே தாடைக் கோளாறுதானா என்பது இன்னும் கனமான கேள்வி. இல்லை. ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாகப் பொட்டில் தலைவலி வந்து, உணவை மெல்லும்போது தாடை சோர்ந்து வலித்து, பார்வையும் மங்கினால், அது தமனி அழற்சியாக இருக்கலாம். அன்றே சிகிச்சை தொடங்காவிட்டால் பார்வை பறிபோகலாம். நடக்கும்போது தாடைக்கு ஏறும் வலி, அதிலும் மூச்சுத் திணறலோ வியர்வையோ சேர்ந்தால், இதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். காய்ச்சலும் வீக்கமும் தொற்றைக் காட்டும். அறிகுறிகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, வலியை எது தூண்டுகிறது என்று கவனிப்பதே பயன் தரும் என்பதற்கு இதுவே காரணம்.

அறிவது அவசரப்படுவதற்கல்ல

அடையாளம் தெரிந்ததும் பல்லை ராவிக்கொள்ளவோ அறுவை செய்துகொள்ளவோ ஓட வேண்டாம். 1980களில் அமெரிக்காவில் பலருக்கு இம்மூட்டில் பொருத்தப்பட்ட டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டுகள் நொறுங்கி எலும்பையே அரித்தன. கடைசியில் அவை திரும்பப் பெறப்பட்டன. பெரும்பாலான தாடைக் கோளாறுகளோ மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், எளிய பயிற்சி, பல்லைக் கடிக்கும் பழக்கத்தை விடுதல் ஆகியவற்றிலேயே தணிகின்றன. உதடுகள் மூடியிருக்க, பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதுதான் தாடையின் ஓய்வு நிலை. சில வாரங்களில் வலி குறையவில்லை என்றால் பல் மருத்துவரிடம் செல்லுங்கள். எங்கே வலிக்கிறது என்பதோடு, என்ன செய்தால் வலிக்கிறது என்பதையும் சொல்லுங்கள். தேவையற்ற வேர் சிகிச்சையிலிருந்து உங்கள் பல்லை அந்த ஒரு வாக்கியம் காப்பாற்றக்கூடும்.